நாலு கோடு, ஒரு சிரிப்பு: அன்றாடத்தைக் கார்ட்டூனாக வரையத் தொடங்குபவர்களுக்கு

சிலிண்டர் கொண்டுவந்த தம்பி மூன்று மாடி ஏறி வந்து, சுமை தோளில் இருக்கும்போதே, "ஐயா, ஓ.டி.பி. சொல்லுங்க" என்றார். கதவைத் திறந்தவர் என் மாமனார், வயது 84. போனை மார்போடு அணைத்துக்கொண்டு, "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்லேர்ந்து தினம் மெசேஜ் அனுப்பறாளே, தம்பி" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு நான் ஓடி வருவதற்குள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். அந்தத் தம்பி முகத்தில் கோபமே இல்லை, யோசனைதான் இருந்தது. பெரியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்ற யோசனை.

அன்று இரவு அதை ஒரு ஏ4 தாளில் வரைந்தேன். அடுத்த முறை சிலிண்டர் வந்தபோது அவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார். நாலு வருடமாக வந்துபோகிறவர். அவருடைய ஊர் செஞ்சிக்குப் பக்கம் என்பதும் அங்கே அவர் அம்மா தனியாக இருக்கிறார் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஒரு கார்ட்டூனால் இவ்வளவு நடக்கும் என்று நான் நினைத்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஓவியம் படித்தவள் கிடையாது. உங்களுக்கும் படம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பேனாவும் ஒரு மாதப் பொறுமையும் போதும். இந்தச் சிலிண்டர் படத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதல் பதினைந்து நாள்: வரையாதீர்கள், எழுதுங்கள்

கைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். போனில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். போனைக் கையில் எடுத்தால் நாம் பார்ப்பது போனைத்தான், எதிரே இருப்பவரை இல்லை. நோட்டில் தினமும் மூன்று வரி போதும். எங்கே, யார், என்ன சொன்னார். அவர் பேசியதை அவர் வாயில் வந்தபடியே எழுத வேண்டும். நீங்கள் திருத்தி, நகைச்சுவை சேர்த்து எழுதினால் அந்த ஆள் மறைந்துபோவார்.

என் நோட்டிலிருந்து இரண்டு பதிவுகள்:

"டீக்கடை, காலை ஆறரை. வாக்கிங் ஷூ போட்டவர், கையில் வடை. போனில் மனைவியிடம்: 'இப்பதான் மூணாவது ரவுண்டு.' அந்த நேரம் பார்த்துக் கடையின் சவுண்டு பாக்ஸ்: 'இருபது ரூபாய் பெறப்பட்டது.'"

"எதிர்வீட்டு அம்மா. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோ கால். அவனுக்கு அன்று பரீட்சை. விபூதியை எடுத்துப் போன் திரையில் அவன் நெற்றி இருக்கும் இடத்தில் பூசினார். அவன் குனிந்து காட்டினான்."

ரேஷன் கடை வரிசை, கிளினிக்கில் டோக்கனோடு காத்திருக்கும் பெஞ்சு, ஷேர் ஆட்டோ, பத்திரப் பதிவு அலுவலகத் தாழ்வாரம். மனிதர்கள் வேறு வேலையில்லாமல் காத்திருக்கும் இடமெல்லாம் நல்ல இடம். காத்திருக்கும்போது ஆட்கள் தங்கள் இயல்பில் இருப்பார்கள்.

சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

பதினைந்து நாள் கழித்து நோட்டைப் புரட்டுங்கள். எந்த வரியைப் படித்தால் உதடு தானாக விரிகிறதோ, அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு, ஏன் சிரித்தோம் என்று உங்களையே கேளுங்கள்.

சிலிண்டர் விஷயத்தில் நான் ஏன் சிரித்தேன்? வங்கி ஒரு விதி சொல்கிறது: எண்ணை யாரிடமும் சொல்லாதே. எரிவாயுக் கம்பெனி ஒரு விதி சொல்கிறது: எண்ணைச் சொன்னால்தான் சிலிண்டர். இரண்டுமே சரியான விதி. இரண்டையும் வகுத்தவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரியவரும் ஒரு தம்பியும் சந்தித்துக்கொண்டார்கள். இன்றைய வாழ்க்கையின் சிரிப்பில் பெரும்பகுதி இந்த வாசலில்தான் கிடக்கிறது. யாரும் முட்டாளாக இல்லாமலேயே எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் அது.

இதை வைத்து நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். "அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்" என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் வரைகிறேன். முடியாவிட்டால் அந்த வரியை அப்படியே விட்டுவிடுகிறேன். டீக்கடை மனிதரைப் பாருங்கள். மூன்று ரவுண்டு நடந்தவருக்கு வடை ஆசை வருவதில் என்ன தப்பு? அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு பெட்டி. அது படமாகும்.

இன்னொன்று. எல்லோரும் குனிந்து போன் பார்க்கும் படத்தைத் தயவுசெய்து வரையாதீர்கள். அதை எல்லோரும் வரைந்துவிட்டார்கள். அதில் ஆட்களும் கிடையாது, வெறும் கூட்டம்தான்.

ஒரு ஆளுக்கு ஒரு குணம்

புதியவர்கள் ஒரே படத்தில் எல்லாவற்றையும் சொல்லப் பார்க்கிறார்கள். நம் முன்னோடிகள் எவ்வளவு சிக்கனமாக இருந்தார்கள் என்று பாருங்கள். ஆனந்த விகடனில் மதன் உருவாக்கிய 'முன்ஜாக்கிரதை முத்தண்ணா'வுக்கு ஒரே குணம், அளவுக்கு மீறிய முன்ஜாக்கிரதை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு வாரா வாரம் அவரைப் புதுப்புது இடத்தில் நிறுத்தினார். 'ரெட்டைவால் ரங்குடு'வும் 'சிரிப்புத் திருடன் சிங்காரவேலு'வும் அப்படித்தான். பெயரைச் சொன்னாலே ஆள் எழுந்து நிற்கிறான்.

யாழ்ப்பாணத்தில் 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழை நடத்திய சுந்தர் என்கிற சிவஞானசுந்தரம், சவாரித்தம்பர், சின்னக்குட்டி, மைனர் மச்சான் என்று தன் மண்ணின் மனிதர்களைத் தாளில் நடமாட விட்டார். அவர்கள் பேசியது அந்த ஊர்ப் பேச்சுதான். "செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்" என்பது அந்த இதழின் வாசகம். என் நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.

ஆர்.கே. லக்ஷ்மண் வேறு வழியில் போனார். 1951-லிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் அவர் வரைந்த 'சாமானியன்' கட்டம்போட்ட கோட்டும் வேட்டியுமாக எல்லாப் படத்திலும் நிற்பார், வாய் திறக்க மாட்டார். சுற்றியிருப்பவர்கள் பேசுவார்கள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். வாசகருக்கு அவர் கண்ணே தன் கண்ணாகிவிடும். உங்கள் படங்களிலும் இப்படிப் பேசாமல் பார்க்கும் ஒருவரை வைத்துப் பாருங்கள். என் படங்களில் அந்த வேலையைச் செய்வது எங்கள் மாடிப் பூனை.

உங்கள் வீட்டில் நாலு பேர் இருந்தால், ஆளுக்கு ஒரு குணம் எழுதுங்கள். "மாமா: விதி என்றால் விதி." அவ்வளவுதான். சிலிண்டர் வாசலில் நடந்தது அந்த ஒரு வரியிலிருந்துதான் வந்தது.

இப்போது கோடு

தேவையானவை: 2பி பென்சில், அழிப்பான், சாதாரண 75 ஜி.எஸ்.எம். ஏ4 தாள், 0.5 கறுப்புப் பேனா. தண்ணீர் பட்டால் கரையாத மையாக இருந்தால் நல்லது. விலை உயர்ந்த டேப்லெட்டுக்கு இப்போதைக்கு அவசியமே இல்லை.

முதல் பயிற்சி முகம். தாளை மேலிருந்து கீழாக நாலு வரிசையாகவும் குறுக்கே மூன்று பத்தியாகவும் பிரியுங்கள். பன்னிரண்டு கட்டத்திலும் ஒரே மாதிரி வட்டம், இரண்டு புள்ளிக் கண், ஒரு மூக்கு. முதல் வரிசைக்கு உயர்ந்த புருவம், இரண்டாவதற்கு உள்பக்கம் இறங்கிய புருவம், மூன்றாவதற்கு வெளிப்பக்கம் சரிந்த புருவம், நாலாவதற்கு ஒன்று ஏறி ஒன்று இறங்கிய புருவம். பத்திக்கு ஒரு வாய்: நேர்க்கோடு, மேல்வளைவு, திறந்த வட்டம். முடித்துவிட்டுப் பார்த்தால் பன்னிரண்டு மனநிலை தெரியும். சிலிண்டர் தம்பிக்கு நான் எடுத்தது நாலாவது வரிசைப் புருவமும் நேர்க்கோட்டு வாயும். அதுதான் அந்த யோசனை முகம்.

அடுத்தது உடம்பு. முகத்தைவிட உடம்புதான் அதிகம் பேசும். வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ. இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ முப்பது கிலோ வரும். அவ்வளவையும் தோளில் வைத்திருப்பவர் நேராக நிற்க முடியாது. இடுப்பு ஒரு பக்கம் சாயும், முழங்கால் மடியும், சும்மா இருக்கும் கை எதிர்ப்பக்கம் விரியும். முதலில் கழுத்திலிருந்து குதிகால் வரை ஒரே ஒரு வளைந்த கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலேயே சுமை தெரிய வேண்டும். பிறகுதான் சட்டை, பட்டன் எல்லாம். எதிரே என் மாமனாரை நெட்டுக்குத்தாக, விறைப்பாக ஒரு கோடு போட்டு நிறுத்தினேன். ஒரு வளைந்த கோடு, ஒரு நேர்க்கோடு. பாதி ஜோக் அங்கேயே முடிந்துவிட்டது.

பின்னணிக்கு இரண்டே பொருள் போதும். தினசரி காலண்டர், வாசல் செருப்பு. அது வீடு என்று தெரிந்துவிடும். சோபா, டிவி, மின்விசிறி எல்லாம் போட்டால் கண் எங்கே போவது என்று தெரியாமல் அலையும்.

கை பழக வேண்டுமானால் காக்கையை வரையுங்கள். லக்ஷ்மண் வாழ்நாள் முழுக்கக் காக்கை வரைந்தார். நம் வீட்டில் தினம் சோறு வைத்தால் வந்து நிற்கிறது, காசு கேட்காத மாடல். தலை சாய்ப்பது, சந்தேகமாகப் பார்ப்பது, பங்கு கேட்டு இன்னொன்றை விரட்டுவது என்று மனிதர்கள் செய்வதெல்லாம் அதுவும் செய்யும். தினம் ஐந்து நிமிடம், ஒரு மாதம்.

கோடு நடுங்குகிறதே என்று யாராவது சொன்னால் கோபுலுவை நினைத்துக்கொள்வேன். தமிழ்ப் பத்திரிகைச் சித்திரத்தின் பெரிய ஆசான். முதுமையில் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகினார்.

வசனம்: இங்கேதான் தமிழ் நமக்கு உதவும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நல்ல படங்கள் பல வசனத்தில்தான் கெடுகின்றன.

நான் முதலில் எழுதிய வசனம் இது: "யாருக்கும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லக் கூடாது என்று வங்கியிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறார்கள், அதனால் உங்களிடம் நான் சொல்ல மாட்டேன் தம்பி." உண்மை முழுக்க இருக்கிறது, சிரிப்பு வரவில்லை. முதல் வெட்டு: படத்தில் தெரிவதை வசனத்தில் சொல்லாதே. போனை மார்போடு அணைத்திருக்கிறார், ஆகவே "சொல்ல மாட்டேன்" வேண்டாம். இரண்டாவது வெட்டு: எதிராளி ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லாதே. "ஓ.டி.பி. சொல்லுங்க" என்று தம்பி கேட்டாகிவிட்டது. மூன்றாவது, எழுத்து நடையைப் பேச்சாக்கு. கடைசியில் நின்றது இவ்வளவு:

"ஐயா, ஓ.டி.பி.?"

"யாருக்கும் சொல்லக் கூடாதாமே, தம்பி!"

அந்த 'ஆமே'யைக் கவனியுங்கள். பெரியவர் தானே வகுத்த விதி இல்லை, யாரோ சொன்னதை மதிக்கிறார், அதே சமயம் தம்பியிடம் வருத்தமும் தெரிவிக்கிறார். மூன்றையும் ஒரு விகுதி செய்துவிடுகிறது. தமிழில் 'ஆம்', 'ஏ', 'ஓ', 'தான்' போன்ற ஒட்டுகளை விரல் நுனியில் வைத்திருங்கள். "வந்தார்", "வந்தாராம்", "வந்தாரோ", "வந்தாரே" நாலுக்கும் நாலு முகம் வரையலாம்.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது பெரிய வசதி. அதுவரை கேட்பவரைக் காக்க வைத்துக் கடைசிச் சொல்லில் கவிழ்க்கலாம். அதே இடத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. சிரிப்புச் சொல் வந்த பிறகு "என்று சொல்லிவிட்டாராம்" போன்ற வால் நீண்டால் எல்லாம் வடிந்துவிடும். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு விட வேண்டியிருக்கிறதோ அங்கே வெட்டுங்கள்.

செய்முறையில் ஒரு எச்சரிக்கை: நம் சொற்கள் நீளம். பேச்சுக் குமிழியை முதலில் வரைந்துவிட்டு உள்ளே எழுத்தைத் திணிக்கப் பார்த்தால் கடைசி எழுத்துகள் நசுங்கும். முதலில் எழுத்து, பிறகு அதைச் சுற்றிக் குமிழி. முதலில் பேசுபவர் இடப்பக்கம், அவர் குமிழி சற்று மேலே இருக்கட்டும். இதை மாற்றிப் போட்டால் வாசகர் பதிலை முதலில் படித்துவிடுவார்.

சில படங்களுக்கு வசனமே வேண்டாம். விபூதிப் படத்துக்கு நான் ஐந்து வசனம் எழுதிப் பார்த்து ஐந்தையும் அழித்தேன். தாளை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இந்தப் பக்கம் பூஜை அலமாரி முன் அம்மா, விரல் திரையில். அந்தப் பக்கம் குளிர் ஜாக்கெட் போட்ட மகன், குனிந்த தலை. அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அனைவரும் அதற்கடுத்த நிமிடம் யாருக்கோ போன் செய்தார்கள்.

வரையப்பட்டவரிடம் முதலில் காட்டுங்கள்

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் பகலில் நாற்காலியில் தூங்குவதைப் பார்த்து ஒரு படம் வரைந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு ஒரு மாடு உள்ளே போகிறது, அவர் குறட்டை விடுகிறார். குரூப்பில் போட்டேன். நிறையப் பேர் சிரித்தார்கள். மறுநாள் அசோசியேஷன் அவரைக் கூப்பிட்டு எச்சரித்தது. அவருக்கு மாற்று ஆள் வராததால் முந்தின இரவும் சேர்த்து 24 மணி நேரமாக வேலையில் இருந்தவர் என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிய வந்தது. நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தேன், கேட்கவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், அசோசியேஷனிலும் விவரம் சொன்னேன். அவர் "பரவாயில்லம்மா" என்றார். ஆனால் பல மாதம் முன்போல வணக்கம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இரண்டு விஷயங்களை விடாமல் கடைப்பிடிக்கிறேன். ஒன்று, வரையப்பட்டவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் படம் வீட்டு வாசலைத் தாண்டாது. இரண்டு, என் கேலி மேலே இருப்பவரை நோக்கிப் போகலாம், கீழே இருப்பவரை நோக்கிப் போகக் கூடாது. 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி கேலிச்சித்திரங்கள் வெளியிட்டது அன்னிய ஆட்சியை நோக்கி. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஜோக் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் பற்றியது. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை கொடுத்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து சில நாளில் விடுவித்தார்கள். அதிகாரத்தில் இருப்பவருக்குப் பதில் சொல்ல ஆயிரம் வழி உண்டு. நாற்காலியில் களைத்துத் தூங்குபவருக்கு ஒரு வழியும் இல்லை.

காட்டும்போது போனில் காட்டாதீர்கள், தாளை அவர் கையில் கொடுங்கள். பேசாமல் நில்லுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். என் மாமனார் சிலிண்டர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அந்தத் தம்பிக்கு மீசை இன்னும் கொஞ்சம் அடர்த்தி" என்றார். தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. மீசையைத் திருத்தினேன்.

பகிர்வதற்கு முன் சின்னச் சின்னக் கவனங்கள்: பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் படம் எடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். வீட்டு எண், வண்டி எண் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. பிறருடைய குழந்தைகளை அடையாளம் தெரியும்படி வரைய வேண்டாம். தாளின் பின்பக்கம் தேதி எழுதுங்கள்.

வசனம் இல்லாமல் ஒட்டி வைப்பது

பழைய பத்திரிகைகளில் வாசகர்கள் தபால் கார்டில் ஜோக் எழுதி அனுப்புவார்கள், ஓவியர் படம் போடுவார். எழுதியவரும் வரைந்தவரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள். இதையே திருப்பிப் போட்டு விளையாடலாம். 'நியூயார்க்கர்' இதழ் 2005-லிருந்து வாராவாரம் வசனமில்லாத படம் ஒன்றைப் போட்டு வாசகர்களிடம் வசனம் கேட்கிறது. எங்கள் வீட்டில் அது ஃப்ரிட்ஜ் கதவில் நடக்கிறது. திங்கட்கிழமை படம் ஒட்டுவேன், பக்கத்தில் துண்டுச் சீட்டும் நூலில் கட்டிய பென்சிலும். சனிக்கிழமைக்குள் எல்லோரும் எழுத வேண்டும். எட்டாவது படிக்கும் பெண்ணும் 84 வயதுத் தாத்தாவும் ஒரே விஷயத்தைப் பற்றி ஒரு வாரம் யோசிப்பது வேறெதனாலும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. யாருடைய வசனத்துக்கும் மதிப்பெண் கொடுக்காதீர்கள். சத்தமாகப் படித்தால் போதும்.

போன கோடையில் அதைக் கீழே நோட்டீஸ் போர்டுக்கும் கொண்டுபோனேன். தண்ணீர் லாரி குடியிருப்புக்குள் நுழைகிறது. எல்லா வீட்டு வாசலிலும் ஆரத்தித் தட்டோடு ஆட்கள். கீழே வசனத்துக்கு வெற்றிடம், ஒரு டப்பாவில் சீட்டுகள். ஒரு வாரத்தில் பதினொரு சீட்டு சேர்ந்தது. அதில் ஒன்று, நீல மையில், பெரிய எழுத்தில்:

"சாமியா இருந்தா சொன்ன நேரத்துக்கு வந்திருக்குமே!"

லாரிக்காக இரவு இரண்டு மணி வரை கேட்டருகே விழித்திருப்பவர் எழுதியது. கீழே அவர் தன் பெயரையும் எழுதியிருந்தார். ஒட்டலாமா என்று கேட்டேன். "ஒட்டுங்கம்மா, ஆனா அந்த டிரைவருக்குத் தொப்பி கிடையாது, துண்டுதான் கட்டியிருப்பாரு" என்றார். தொப்பியை அழித்துத் துண்டு வரைந்தேன். பிறகு ஒட்டினோம்.